வேம்பைச் சுற்றி ஆறு அடி

1

நைரோபிக்கு நான் வந்து மூன்று வருடமும் ஏழு மாதமும் முடிந்துவிட்டன. இவ்வளவு காலத்தில் ஊரிலிருந்து நாற்பத்தொரு கடிதங்கள் வந்திருக்கின்றன. நாற்பதையும் ஒன்றுக்கு நாலு தரம் வாசித்துவிட்டேன். நாற்பத்தோராவதை என்னால் வாசிக்க முடியவில்லை. அது சிங்களத்தில் இருந்தது. பத்தொன்பது வரிகள். எனக்கு விளங்கியது நடுவில் இருந்த எண்பத்து மூன்று என்ற எண் மாத்திரம். அது வட்டக்கச்சியில் எங்கள் காணியின் இலக்கம்.

காணிக் கந்தோர், அதாவது அரசாங்க அலுவலகம், என் பெயருக்குப் போட்ட அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி வைத்தவர் பக்கத்துக் காணிக்காரர் சின்னராசா. நான் இல்லாத இந்தக் காலத்தில் என் வயலையும் சேர்த்துச் செய்கிறவர் அவர்தான். கிளிநொச்சியில் பேக்கரி வைத்திருக்கும் சிங்கள மனிதரிடம் அதை வாசிப்பித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.

“அண்ணை, நீங்கள் காணியிலை இல்லையெண்டு கந்தோருக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டு தரம் வந்து பாத்திட்டினம். நீங்கள் வந்து இருக்கவேணும். இல்லாட்டி வந்து இருக்கப்போற பிள்ளையின்ரை பேரைப் பின்னுரித்தாளர் எண்டு எழுதி, அந்தப் பிள்ளையும் கையெழுத்து வைச்சு மாசக் கடைசிக்கு முன்னம் அனுப்பவேணும். ரெண்டும் இல்லையெண்டால் பெமிற்றை வெட்டிப்போட்டு வேறை ஆளுக்குக் குடுப்பினம். மாடு நல்லாய் இருக்குது.”

குடியேற்றக் காணியைப் பற்றி அறியாத வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் காட்டை வெட்டி, எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வயல் ஐந்து ஏக்கரும் மேட்டுநிலம் மூன்று ஏக்கரும் பிரித்துக் கொடுத்தது. காணி உறுதிப்பத்திரம் கிடையாது. பெமிற் என்கிற அனுமதிப்பத்திரம் மட்டுந்தான். விற்க முடியாது, துண்டாட முடியாது. பெயர்க்காரர் அங்கேயே குடியிருந்து பயிர் செய்யவேண்டும்.

எனக்கு எழுபத்தொரு வயது. இடது கண் போய்விட்டது, வலது முழங்கால் மடங்காது. மனைவி நாகம்மா இறந்த பிறகு, குசினியில் தனியே விழுந்து கிடந்து, சின்னராசா தூக்கிவிட்ட கதையைக் கேட்டுத்தான் மகன் குலேந்திரன், எங்களுக்குக் குலம், என்னை இங்கே எடுப்பித்தான். ஆகவே நான் திரும்பிப் போய் இருப்பது நடவாத காரியம். உயிரோடு இருக்கிற பிள்ளை அவன் ஒருவன்தான். அவன் கையெழுத்து வைத்தால் காணி நிற்கும். வைக்காவிட்டால் போகும். கடிதத்தோடு வந்த, தமிழும் அச்சடித்த விண்ணப்பப் பத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் அவன் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. ஒருநாள் அதன்மேல் தேநீர்க் கோப்பை வைத்த அடையாளமும் இருந்தது.

2

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

“இண்டைக்கு வெளியிலை ஒரு இடத்துக்குப் போவம் ஐயா. இந்த நாட்டு ஆக்களின்ரை பழைய வீடுகளைக் கட்டி வைச்சிருக்கினம். ஆட்டமும் இருக்காம்” என்றான் குலம்.

“கையெழுத்து?”

“வந்து பாப்பம்.”

அது நாலாவது ‘பாப்பம்’. நான் எண்ணி வைத்திருந்தேன்.

அவன் ஒரு கம்பனியில் நில அளவைப் படங்கள் வரைகிறான். பிறருடைய நிலங்களை நாள்முழுவதும் கோடு கோடாக வரைகிற பிள்ளை. அவனுக்கும் இங்கே ஒரு பெமிற் இருக்கிறது, வேலை செய்வதற்கு. நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, வேலைகள் முதலில் நாட்டு மக்களுக்கு என்கிறார்கள். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். போன தடவை ஆறு மாதத்துக்குத்தான் புதுப்பித்தார்கள். அதற்காக அவன் ஐந்து தரம் வரிசையில் நின்றான். அங்கே நான் ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். இங்கே அவன் ஏன் இருக்கிறான் என்று கேட்கிறார்கள்.

காரில் நாலு பேர் போனோம். குலம், மருமகள் சரோசா, பேத்தி நளினி, நான். நளினிக்கு எட்டு வயது. தமிழ் விளங்கும், பேசும்போது பாதியில் நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். வேலைக்கு வரும் பெண்ணோடு சுவாகிலியில் விடாமல் கதைப்பாள், சிரிப்பாள். என்னோடு அவள் கதைக்கும் சொற்களை ஒருநாள் எண்ணினேன். இருபத்திரண்டு. அதில் ஏழு தரம் ‘அப்பப்பா’.

3

அந்த இடம் நகரத்துக்கு வெளியே. ஐந்து இனத்தவரின் வளவுகள், மொத்தம் இருபத்தேழு குடிசைகள். எல்லாம் புது வைக்கோல், புது மண். பெருக்கிய கோடு நிலத்தில் அழியாமல் இருந்தது.

முதல் வளவு பெரிய ஏரிக்கரையில் வாழும் லுவோ மக்களுடையது. சுற்றிலும் கள்ளி வேலி. படலையடியில் நின்று, பழக்கத்தில் நான் ஒருதரம் செருமிவிட்டு, “வீட்டுக்காரர்!” என்று கூப்பிட்டுவிட்டேன். எங்கள் வன்னிப் பக்கத்தில் ஒரு வளவுக்குள் கூப்பிடாமல் கால் வைத்தால் நாய் வரும், அல்லது அதைவிட மோசமான கதை வரும். நளினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பப்பா, அங்கை ஒருத்தரும் இல்லை” என்றாள்.

“வீடு எண்டால் கூப்பிட்டுத்தான் போறது பிள்ளை.”

குடிசை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே குனிந்து போனேன். திரும்பி வந்தபோது என் செருப்போடு இன்னும் மூன்று சோடிச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள், அதுதான் அந்த வீட்டின் முறை என்று நினைத்துத் தாங்களும் கழற்றியிருந்தார்கள். சரோசா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். இடத்தைச் சுற்றிக் காட்டும் வேலை அவருடையது. பெயர் ஒச்சியெங். என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கலாம், பல்லும் என்னைவிட இரண்டு குறைவு. இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். அவர் சொன்ன மாதிரியை ஊர்க் கதையிலேயே எழுதுகிறேன், அவருக்கு அதுதான் பொருந்துகிறது.

நெற்கூடு மாதிரி ஒன்று வேலியோரம் நின்றது. கம்பு பின்னி மண் பூசியது. எங்கள் ஊரில் கொம்பறை என்று சொல்வோமே, அதே சாயல். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு மணி தானியம் இல்லை.

“இதின்ரை கால் நாலும் சரியில்லை. எலி ஏறும்” என்றேன்.

“தானியம் இல்லாத கூட்டிலை எலிக்கு என்ன வேலை? அதுக்கும் அரசாங்கம் சம்பளம் குடுக்கவேணும்” என்றார் அவர். பிறகு கேட்டார்: “நீங்கள் கமக்காரரோ?”

“அஞ்சு ஏக்கர் வயல். அதுக்கு முன்னம் இரணைமடு எண்டொரு பெரிய குளத்திலை இருபத்தொரு வருசம் நீர்மட்டம் வாசிச்சு எழுதினனான்.”

“இப்ப எங்கை இருக்கிறியள்?”

“இஞ்சை, மகன்ரை வீட்டிலை.”

“படுக்கிறதும் அங்கையோ?”

“ஓம். வேறை எங்கை படுக்கிறது?”

அவர் குலத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்கடை ஆக்களிலை தகப்பன் மகன்ரை வீட்டிலை படுக்கிறேல்லை. மகன் தனி வளவு எடுக்கிறதெண்டால், தகப்பன்தான் விடியமுன்னம் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டவேணும். ஒரு சேவல், ஒரு கோடரி, பழைய வீட்டு அடுப்பிலை இருந்து நெருப்பு, இவ்வளவையும் கொண்டு போறது. அண்டைக்கே வீடு எழும்பும். பிறகு தகப்பன் தன்ரை வீட்டுக்குத் திரும்பியிடுவார்.”

“திரும்பிப் போறதுக்கு அவருக்கு ஒரு வீடு இருக்கவேணுமே.”

“ஓம். அது இருக்கவேணும்” என்றார் ஒச்சியெங்.

குலம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டத்துக்கு இடம் பிடிக்கவேண்டும் என்று சொல்லிச் சரோசாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனான். நான் முழங்காலைச் சாட்டிப் பின்தங்கினேன்.

4

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வளவில் வீடு, மாட்டுப்பட்டி, கூடு, அடுப்புக்கல் எல்லாம் இருந்தன. ஏதோ ஒன்று இல்லை. ஒச்சியெங்கிடம் கேட்டேன், செத்தவர்களை உங்கள் ஆட்கள் எங்கே கொண்டுபோவார்கள் என்று.

“ஒரிடமும் கொண்டுபோறேல்லை. வளவுக்கைதான் புதைக்கிறது. என்ரை தகப்பன் தன்ரை வாசலுக்குப் பக்கத்திலை இருக்கிறார். தாய் அங்காலை. பிள்ளையள் எல்லாரும் விட்டிட்டுப் போனால் வீடு தன்பாட்டிலை விழட்டும் எண்டு விடுவினம், ஒருத்தரும் இடிக்கிறேல்லை. பிறகு ஆரும் அந்த நிலத்தைக் கொத்தினாலும், ஆள் கிடக்கிற இடத்தை விட்டிட்டுத்தான் கொத்துவினம்.”

“இஞ்சை?”

“இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை. காட்டுறதுக்குக் கட்டினது. அஞ்சு மணிக்குப் பூட்டிப்போட்டு நானும் பஸ்ஸிலை போயிடுவன். இதை வீடெண்டு நாங்கள் சொல்லமாட்டம், வாத்தியார்.”

நான் வாத்தியார் அல்ல என்று அவரைத் திருத்தவில்லை.

இனி எழுதப்போவதை நான் ஒருவருக்கும் எழுதியதில்லை. குடியேறிய முதல் வருடம், நாகம்மாவுக்கு நாற்பத்தொரு வயதில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. குலத்துக்கு அப்போது பதினேழு வயது, யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தான். தாய்க்கு அந்த வயதில் பிள்ளை என்பது அவனுக்கு வெட்கம். அவள் வயிற்றோடு இருந்தபோது விடுமுறைக்கு வந்து நின்ற எட்டு நாளும் தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளை பிறந்த செய்திக்கு அவன் எழுதிய பதிலில் வானிலையும் பாடங்களும் இருந்தன, பிள்ளை இல்லை.

பிள்ளை ஐம்பத்தேழு நாள் இருந்தது. மார்கழி மாரி, மலேரியாக் காய்ச்சல். கிளிநொச்சிக்குப் போகும் வழியில் மதகு உடைந்து, இடுப்பளவு தண்ணீர். குடியேற்றத்துக்குச் சுடலை என்று ஓர் இடமும் அப்போது ஒதுக்கப்படவில்லை. அந்த வயதுப் பிள்ளையைச் சுடுவதுமில்லை. மேட்டுநிலத்தின் வடகிழக்கு மூலையில் நானே குழி வெட்டினேன். வேலியிலிருந்து பதினொரு அடி, கிணற்றிலிருந்து நாற்பத்திரண்டு அடி. அன்று அளந்தது சரியா என்று பிறகு மூன்று தரம் அளந்திருக்கிறேன். நாகம்மா தலைமாட்டில் ஒரு வேப்பங்கன்று நட்டாள்.

குலத்துக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தந்தி அடிக்கவில்லை. பரீட்சை முடிந்த பிறகு, பிள்ளை தவறிவிட்டது என்று இரண்டு வரி எழுதினேன். எங்கே என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. நாகம்மா பதின்மூன்று வருடம் நாள்தோறும் அந்த வேம்பின் கீழ் கூட்டினாள். அவன் விடுமுறைக்கு வந்த நாட்களில் மட்டும், அவன் எழும்ப முன்னம் கூட்டிவிடுவாள்.

எட்டு ஏக்கரில் எனக்கு வேண்டியது அந்த ஆறடி வட்டம். மற்றதை யார் எடுத்தாலும் நான் கவலைப்படமாட்டேன்.

5

ஆட்டம் வட்டமான சீமெந்துத் தரையில் நடந்தது. முதலாவது அறுவடை ஆட்டம். இருபத்திரண்டு பேர், கணுக்காலில் சலங்கை, நாலு மேளம். பதினொரு நிமிடத்தில் அறுவடை முடிந்தது. ஆட்டக்காரர்கள் ஓடிப்போய் உடுப்பு மாற்றி, வேறொரு இனத்தவராக வந்து கலியாணம் செய்தார்கள். நன்றாக ஆடினார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவனுடைய மணிக்கட்டில் கைக்கடிகாரம் கழற்றிய வெளிறிய வட்டம் தெரிந்தது. அதற்குப் பிறகு என் கண் அதை விட்டு வரவில்லை.

கடைசியில் பார்வையாளரையும் ஆட வரச்சொன்னார்கள். முதலில் எழும்பி ஓடியது நளினி. பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள் போலும், தோளைக் குலுக்கி, கால் தவறாமல் ஆடினாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கண்டதில்லை. மேளக்காரர் ஒருவர் அவளுக்கு எழும்பி நின்று அடித்தார்.

மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

“அப்பப்பா, உங்கடை ஊரையும் இப்பிடிக் கட்டி வைச்சிருக்கினமோ?”

“இல்லைப் பிள்ளை. அங்கை இன்னும் ஆக்கள் இருக்கினம்.”

சொல்லிவிட்டு யோசித்தேன். வட்டக்கச்சியை ஒருநாள் கட்டி வைத்தால் என்ன வைப்பார்கள்? அரசாங்கம் ஒரே அச்சில் கட்டிக்கொடுத்த இரண்டறை வீடு, கதவில் தாரினால் எழுதிய இலக்கம், ஒரு கலப்பை. மலேரியா நுளம்பை வைக்கமாட்டார்கள். சிங்களக் கடிதத்தை வைக்கமாட்டார்கள். வடகிழக்கு மூலையை வைக்க அவர்களுக்குத் தெரியாது.

6

திரும்பி வரும் வழியில் குலமே கதையை எடுத்தான்.

“ஐயா, நான் அதிலை கையெழுத்து வைக்கமாட்டன். வந்து குடியிருப்பன் எண்டு எழுதியிருக்கு. நான் வரமாட்டன். இஞ்சை பெமிற் முடிஞ்சால் போறதுக்குக் கனடாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறன்.”

“வைச்சு அனுப்பு. ஆர் வந்து பாக்கிறது?”

என் வாயிலிருந்துதான் அது வந்தது. இருபத்தொரு வருடம் குளத்து நீர்மட்டப் புத்தகத்தில் ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ எழுதாதவன் நான். தப்பித்தவறி ஓர் எண்ணை வெட்டி எழுதினால் பக்கத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்பது கந்தோர் முறை. இருபத்தொரு வருடத்தில் ஒரு தரமும் எனக்கு அந்தத் தேவை வரவில்லை. அப்படியிருந்தவன் மகனிடம் பொய்க் கையெழுத்துக் கேட்டேன்.

“நீங்களே இப்பிடிச் சொல்லுறியள்” என்றான் அவன். கோபப்படவில்லை. அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது.

“மாமா, இவர் அங்கை வந்து என்ன செய்யிறது? மம்பெட்டி பிடிக்கத் தெரியுமோ?” என்றாள் சரோசா, கதையை லேசாக்க.

“பிடிக்கத் தெரியாதவன்தான் எங்கை வெட்டவேணுமெண்டு கோடு போடுறான்” என்றேன்.

குலம் சிரிக்கவில்லை. “எட்டேக்கர் காட்டுக்காணி ஐயா. அம்மாவும் போயிட்டா. அங்கை இனி என்ன கிடக்கு?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லுவதற்கு வாயும் திறந்தேன்.

“வடிவாய்ப் பாத்து ஓட்டு. முன்னாலை லொறி” என்றேன்.

லொறி நெடுந்தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

7

திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் எழும்ப முன்னம் மேசைக்கு முன்னால் அமர்ந்து பத்திரத்தை நிரப்பினேன். பின்னுரித்தாளர் பெயர் என்ற இடத்தில் ‘ஒருவருமில்லை’ என்று எழுதினேன். பிறகு ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, காணியை எடுக்கப்போகிறவருக்கு என்று தலைப்புப் போட்டு, அறியவேண்டியவற்றை எழுதினேன். தென்னை பதினான்கு, அதில் மூன்று காய்க்காது, வெட்டலாம். மா இரண்டு. கிணற்றில் இருபத்தொரு அடிக்குக் கீழே தோண்டினால் தண்ணீர் சவர்க்கும், தோண்டவேண்டாம். மேற்கு வரம்பில் வாய்க்கால் கசியும், விதைப்புக்கு முன் களிமண் வைத்து மிதிக்கவும். வடகிழக்கு மூலையில் வேம்பு ஒன்று. அதைத் தறிக்கவேண்டாம். அதைச் சுற்றி ஆறு அடி உழவேண்டாம்.

குலம் வேலைக்கு வெளிக்கிட்டு வந்தான். வழியில் தபாலில் போடு என்று இரண்டையும் கொடுத்தேன். பத்திரத்தைப் பார்த்தான். மற்றத் தாளை வாசித்துக்கொண்டு வந்தவன் கடைசி வரியில் நின்றான்.

“இதேன் ஐயா ஆறு அடி?”

“உன்ரை தங்கச்சி அங்கை கிடக்கிறா.”

அவன் கதிரையை இழுத்து இருந்தான். அலுவலகப் பை மடியிலேயே இருந்தது. சரோசா குசினியிலிருந்து தேநீரோடு வந்து, அவனுடைய முகத்தைக் கண்டு அப்படியே திரும்பிப் போனாள்.

“அந்த வேம்போ? அம்மா கதிரை போட்டு இருக்கிற வேம்போ?”

“ஓம்.”

“நான் அதிலை ஊஞ்சல் கட்டித்தரச் சொல்லிக் கேட்டனான். நளினி பிறந்து, அவளை ஊருக்குக் கொண்டுவந்த நேரம்.”

“ஓம். உன்ரை அம்மா வேண்டாமெண்டவா.”

“ஏனெண்டு நான் கேக்கேல்லை.”

“நானும் சொல்லேல்லை.”

சுவர்க் கடிகாரத்தில் அவன் போகவேண்டிய நேரம் தாண்டிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கையெழுத்தை இனிக் கேட்பது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. கேட்டால் வைத்துவிடுவான், அதுவும் தெரிந்தது. பத்திரத்தை அவன் கையிலிருந்து மெல்ல எடுத்து உறைக்குள் வைத்தேன்.

தாள் அவனிடம் இருந்தது. படம் வரைகிறவன் பார்க்கிற மாதிரிக் கண்ணைச் சுருக்கி அந்த வரியையே பார்த்தான்.

“ஆறு காணாது ஐயா. இப்ப எல்லாரும் உழவு மெசின்தான் விடுகினம். அது திரும்புறதுக்கு இடம் வேணும். பத்து எண்டு போடுங்கோ.”

பேனையை எடுத்து ஆறை வெட்டி, மேலே பத்து என்று எழுதினேன். வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து வைப்பதற்காகப் பேனையைத் திரும்பவும் மையில் தோய்த்தேன். குலம் அதை என் கையிலிருந்து வாங்கி, அந்த இடத்திலேயே தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தான்.